பழைய திருகோணமலைப் படங்களும் ஒரு சித்திர ஆசிரியரும்

திருகோணமலைத் துறைமுகத்தின் பழைய படங்கள் இப்போது எல்லோருடைய கைப்பேசியிலும் வருகின்றன. வளைந்த குடா, பாய்மரக் கப்பல்கள், தூரத்தே மலைத்தொடர், முன்னால் ஒரு மரம், அதனடியில் இரண்டு மூன்று மனிதர். அவற்றைப் பகிர்கிறவர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். எங்கள் ஊர் அன்று இப்படித்தான் இருந்தது என்பது ஒரு பேச்சு. வெள்ளைக்காரன் தன் ரசனைக்கு வரைந்தது, இதில் எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்பது மற்றப் பேச்சு. முதலாவது ஓவியத்தைப் புகைப்படமாக நினைக்கிறது. இரண்டாவது அதை வெறும் கற்பனையாகத் தள்ளிவிடுகிறது. இந்தப் படங்கள் எந்த முறைப்படி கட்டப்பட்டன, அந்த முறையை யார் யாருக்குக் கற்பித்தார்கள் என்று தெரிந்தால் இரண்டு பேச்சுக்கும் இடமில்லாமல் போகும். அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். அதற்கு இலங்கையில் நிலக்காட்சி ஓவியம் கற்பித்த ஒருவரின் வாழ்க்கையிலிருந்து தொடங்குவது நல்லது.

அவர் பெயர் அண்ட்ரூ நிக்கல். 1804இல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தவர். தகப்பன் சப்பாத்துத் தைக்கும் தொழிலாளி. ஓவியக் கல்லூரி எதிலும் நிக்கல் படித்தவர் அல்லர். பிரான்சிஸ் ஃபின்லே என்ற அச்சகக்காரரிடம் தொழில் பழகச் சேர்ந்து, அச்சகத்தில் வேலை செய்துகொண்டே ஓய்வு நேரத்தில் வரைந்தார். அண்ணன் வில்லியமும் ஓவியர்தான். 1828இல் அன்ட்ரிம் கடற்கரையை அங்குலம் அங்குலமாகப் பார்த்து 101 நீர்வர்ண ஓவியங்களை வரைந்தார். அந்தத் தொகுதி இன்று பெல்ஃபாஸ்டின் அல்ஸ்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே கரையை நூறு தடவை வரைந்த கை அது. பிற்காலத்தில் அவர் செய்தவற்றை விளங்கிக்கொள்ள இந்த ஒரு செய்தியை மனதில் வைத்திருந்தால் போதும்.

அதே 1804இல், அதே பெல்ஃபாஸ்டில் பிறந்த இன்னொருவர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். வசதியான குடும்பம், நாடாளுமன்ற உறுப்பினர், எழுத்தாளர். நிக்கலை ஆதரித்தவர் அவர். 1830ஐ அண்டிய ஆண்டுகளில் நிக்கல் லண்டனுக்குப் போய் ஒரு காரியம் செய்தார். நகரின் தெற்கே டல்விச் ஓவியக்கூடத்தில் உட்கார்ந்து பழைய மேதைகளின் ஓவியங்களைப் பார்த்துப் பார்த்து நகல் எடுத்தார். 1817இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட அந்தக் கூடத்தில் குளோட் லொறைன், நிக்கொலா பூசன், டச்சுக்காரர் கெய்ப் ஆகியோரின் ஓவியங்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. அச்சகத்துப் பையனுக்குக் கிடைத்த பல்கலைக்கழகம் அதுதான். அங்கே அவர் படித்தது செவ்வியல் நிலக்காட்சியின் இலக்கணம்.

அந்த இலக்கணம் என்ன? பூசனும் (1594 – 1665) குளோட் லொறைனும் (1600 – 1682) இன்றைய பிரான்சில் பிறந்து ரோம் நகரில் வாழ்ந்து வரைந்தவர்கள். இயற்கை கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே வைத்தால் அது ஓவியம் ஆகாது, அதிலிருந்து தேர்ந்து ஒழுங்குபடுத்தினால்தான் ஓவியம் ஆகும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. குளோட்டின் ஓவியங்களை நாலைந்து பார்த்தாலே கட்டுமானம் பிடிபட்டுவிடும். முன்னால் இருண்ட நிலம். ஒரு பக்கம் உயர்ந்த மரமோ கட்டடமோ. அந்த இருளால் நடுவில் உள்ள நீர் பளிச்சென்று தெரியும். அதற்கு அப்பால் மலைகள் படிப்படியாக வெளிறி, நீலமாகி, வானத்தோடு கலந்துவிடும். வெளிச்சம் பெரும்பாலும் அடிவானத்துக்கு அருகே நிற்கும் சூரியனிலிருந்து வரும். மனிதர் சிறியவர்களாக இருப்பார்கள். அவர்களுடைய வேலை இடத்தின் பெருமையைக் காட்டுவது. குளோட் வரைந்த துறைமுகங்கள் புகழ்பெற்றவை. ஆனால் அவற்றில் பல எந்த ஊர்த் துறைமுகமும் அல்ல. சில கட்டடங்கள் ரோமில் கண்டவை, வெளிச்சம் உண்மையில் பார்த்தது, மீதி அவர் அடுக்கியது.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். செவ்வியல் ஓவியன் வெளியே போகாமல் அறைக்குள் இருந்து இட்டுக்கட்டினான் என்று நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. இதைத் தெளிவாகக் காட்டுகிறவர் நிக்கலுக்கு அரை நூற்றாண்டு முந்திய பிரெஞ்சு ஓவியரும் ஆசிரியருமான பியர்-ஆன்றி த வலான்சியென். 1750இல் துலூஸ் நகரில் பிறந்து 1819இல் பாரிசில் இறந்தார். இத்தாலியில் ஆண்டுக்கணக்கில் தங்கி, திறந்த வெளியில் காகிதத்தில் எண்ணெய் வர்ணத்தால் விரைவாகத் தீட்டினார். ரோமில் ஒரே வீட்டுக் கூரைகளை வெயிலில் ஒரு தரமும் நிழலில் ஒரு தரமும் வரைந்திருக்கிறார். கூரை மாறவில்லை, பொழுது மாறியது. பொழுதைத்தான் அவர் வரைந்தார். பிறகு பாரிஸ் திரும்பி, பழைய சிசிலி நகரமான அக்றிஜெந்தோவைக் கற்பனையில் எழுப்பிய பெரிய ஓவியத்தால் 1787இல் அரச அக்கடமியில் உறுப்பினரானார். வெளியில் தீட்டிய சிறு படங்களை அவர் காட்சிக்கு வைத்ததில்லை. அவை அவருடைய பயிற்சி, மாணவருக்கான பாடம். 1930இல் பெரிய தொகுதியாக லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு வந்த பிறகுதான் உலகம் அவற்றின் அருமையை அறிந்தது.

அவர் 1800ஐ ஒட்டி வெளியிட்ட நூல் தூரத்தைக் கணக்கிட்டு வரையும் முறை பற்றியது. அதன் பிற்பகுதி நிலக்காட்சி வரையும் மாணவனுக்குச் சொன்ன அறிவுரைகள். வெளியில் தீட்டும் படத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீட்டாதே என்கிறார், ஏனென்றால் அதற்குள் வெளிச்சம் வேறாகிவிடும். சூரியன் உதிக்கும்போதும் மறையும்போதும் என்றால் அரை மணி நேரம்தான். ஒரே இடத்தை வெவ்வேறு பொழுதுகளில் வரை என்கிறார். இவற்றைச் சேர்த்துக்கொண்டு பிறகு அறைக்குள் உட்கார்ந்து பெரிய ஓவியத்தை யோசித்துக் கட்டு என்கிறார். ஆக, அந்தப் பயிற்சிக்கு இரண்டு பாதி உண்டு. வெளியே உண்மை, உள்ளே ஒழுங்கு. இரண்டில் ஒன்றை விட்டவன் அவருக்கு மாணவன் ஆகமாட்டான். அவர் வற்புறுத்தியதன் பயனாக இளம் ஓவியரை ரோமுக்கு அனுப்பிப் பயிற்றும் ரோம் பரிசு நிலக்காட்சிக்கென்றும் ஏற்படுத்தப்பட்டது. 1817இல் அதை முதலில் வென்றவர் அவருடைய மாணவர் மிஷாலோன். மிஷாலோனிடமும் வலான்சியெனின் இன்னொரு மாணவர் பெர்த்தனிடமும் பயின்றவர் கொரோ. கொரோவுக்குப் பின்னால் வந்தவர்கள் திறந்த வெளியை ஓவியத்தின் முழு மேடையாகவே ஆக்கினார்கள். ஆகவே செவ்வியல் ஆசிரியனை நவீனத்துக்கு எதிரி என்று வரலாறு சொல்வதில்லை. பாதி வழியை வெட்டிக் கொடுத்தவன் அவன்தான்.

நிக்கல் வலான்சியெனிடம் படித்தவர் அல்லர். கண்டிப்பாகச் சொன்னால் அவரைச் செவ்வியல் ஓவியர் என்று வகைப்படுத்துவதும் சரியல்ல. அவருடைய காலம் ஆங்கில ஓவியர் டேர்னரின் காலம், உணர்ச்சிக்கும் இயற்கையின் ஆவேசத்துக்கும் இடம் கொடுத்த காலம். ஆனால் டல்விச்சில் கை பழகிய இலக்கணம் அவரை விட்டுப் போகவேயில்லை. அவர் அதை எப்படித் தன்னுடையதாக்கினார் என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. குளோட் முன்னால் வைத்த இருண்ட மரத்தின் இடத்தில் நிக்கல் காட்டுப் பூக்கள் மண்டிய ஒரு கரையை வைத்தார். பார்க்கிறவன் புல்லில் குப்புறப் படுத்திருப்பவன்போல, கண் மட்டத்தில் பொப்பியும் டெய்சியும் முள்ளிச் செடியும் நிற்கும். அவற்றின் தண்டுகளுக்கு நடுவே, தொலைவில், ஒரு நகரமோ கடற்கரையோ தெரியும். அயர்லாந்தில் அவர் பெயர் நிலைத்தது பெரும்பாலும் இந்த வகைப் படங்களால்தான்.

அந்தப் பூந்தண்டுகளை அவர் செய்த விதம் அருகிருந்து பார்க்கத் தக்கது. நீர்வர்ணத்தில் வெள்ளை என்பது காகிதம். மெல்லிய வெள்ளைக் கோடு வேண்டுமானால் வர்ணம் படாமல் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். மயிரிழை போன்ற நூறு தண்டுகளை அப்படி விட்டுவிட எந்தக் கையாலும் முடியாது. நிக்கல் முதலில் கரை முழுவதையும் கரும்பச்சையாகத் தீட்டினார். அது காய்ந்த பிறகு கத்தி முனையால் மேற்பரப்பைச் சுரண்டினார். வர்ணம் பூசிய தோல் கிழிந்து கீழேயிருந்து வெள்ளை நார் எட்டிப் பார்க்கும். அந்தக் கீறல்தான் புல், தண்டு, பூவிதழின் ஓரம். ஒரு கீறல் ஆழமாகப் போனால் காகிதமே கிழிந்துவிடும், திருத்தவும் இடமில்லை. அச்சகத்தில் செதுக்கிய கட்டைகளையும் உலோகத் தகடுகளையும் பார்த்து வளர்ந்தவருக்கு இந்தத் துணிவு இயல்பாக வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

1845இல் டெனன்ட் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக நியமிக்கப்பட்டார். அவருடைய ஆதரவில் நிக்கலும் 1846இல் வந்தார். கொழும்பு அக்கடமியில் அவருக்குக் கொடுத்த வேலை நிலக்காட்சி ஓவியம், விஞ்ஞான வரைதல், வடிவமைப்பு ஆகியவற்றைக் கற்பிப்பது. 1881 முதல் றோயல் கல்லூரி என்று அழைக்கப்படும் பாடசாலை அதுதான். அலெக்சாண்டர் ஹன்டர் சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கிய 1850க்கு முன்பே கொழும்பில் நிலக்காட்சி ஒரு பாடமாக இருந்தது என்பது தமிழ் வாசகருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

அந்தப் பாடத்தின் பெயரில் மூன்று சேர்ந்து வருவதைக் கவனிக்க வேண்டும். அழகுக்காக மட்டும் அரசு சித்திர ஆசிரியரைக் கடல் கடந்து வரவழைக்கவில்லை. புகைப்படம் இங்கே பரவாத காலம் அது. வீதி வெட்டவும் பாலம் போடவும் நில அளவைக்கும் செடிகொடிகளைப் பதிவு செய்யவும் பாழடைந்த கட்டடங்களைக் குறித்துக்கொள்ளவும் வரையத் தெரிந்த கை வேண்டும். படைத்துறை அதிகாரிகளுக்கு வரைதல் பயிற்சியின் ஒரு பகுதி. எதிரியின் கரையை ஒரு தாளில் சரியாகக் காட்டத் தெரிந்தவன் பீரங்கிக்குச் சமம். நிலக்காட்சி ஓவியத்தின் பின்னால் ஆட்சி இருந்தது என்று சொல்வது குற்றச்சாட்டு அல்ல, நடந்த கதை. அதை மறைக்கவும் வேண்டாம், அதை மட்டுமே பார்க்கவும் வேண்டாம்.

1848இல் நிக்கல் தம் வாழ்க்கையின் பெரிய பயணத்தை மேற்கொண்டார். டெனன்ட் மாகாணங்களைப் பார்வையிடப் புறப்பட்டபோது கூடச் சென்று, வன்னிக் காடுகளுக்கும் பழைய தலைநகரங்களுக்கும் போய் வரைவது திட்டம். ஆடி மாதம் முடிவதற்குள் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. புதிய வரிகளால் கொதித்த மக்கள் எழுந்தார்கள். கண்டியில் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது, பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். டெனன்ட் கொழும்புக்கு விரைந்தார். நிக்கலோ மலாய்ச் சிப்பாய்கள் சிலரின் காவலோடும் சுமைகாரரோடும் காட்டுக்குள் பயணத்தைத் தொடர்ந்தார். இடிந்த தாதுகோபங்களையும் மரம் முளைத்த கற்றூண்களையும் பெரிய குளங்களையும் வரைந்தார். ஐந்து வார அனுபவத்தைப் பிறகு எழுதி, 1852இல் டப்ளின் பல்கலைக்கழகச் சஞ்சிகையில் வெளியிட்டார்.

அந்தக் கட்டுரையில் கிளர்ச்சியின் பதற்றம் இருக்கிறது. ஓவியங்களில் அது இல்லை. ஓவியங்களில் அமைதியும் மாலை வெளிச்சமும் காடு விழுங்கிய கல்லும்தான். இரண்டையும் செய்தது ஒரே மனிதர், ஒரே வாரங்களைப் பற்றி. இது பொய் அல்ல. அவர் பயின்ற முறை நிலக்காட்சியில் எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக்கூடாது என்று முன்பே முடிவு செய்து வைத்திருந்தது. பாழிடம் பழம்பெருமையைச் சொல்ல வேண்டும், அன்றைய துப்பாக்கிச் சத்தம் அதற்குள் வரக்கூடாது. செவ்வியல் முறையின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருப்பதை நான் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் பார்க்கவில்லை.

1859இல் டெனன்ட் இலங்கையைப் பற்றிய தம் பெருநூலை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அதிலுள்ள படங்களில் பல நிக்கலின் சித்திரங்களிலிருந்து செதுக்கப்பட்டவை. திருகோணமலைக்கும் அதில் இடமுண்டு. சுவாமி மலையின் விளிம்பில் பூசகர் நின்று, கடலை நோக்கிப் பூவும் காணிக்கையும் இட்டு வழிபட்டதை டெனன்ட் எழுதியிருக்கிறார். நிக்கல் அயர்லாந்து திரும்பி, 1860இல் டப்ளினில் உள்ள அரச அக்கடமியின் முழு உறுப்பினராகி, 1886இல் லண்டனில் இறந்தார்.

இனித் துறைமுகத்துக்கு வருவோம். நிக்கலுக்கு நாற்பது ஆண்டு முன்னர் இங்கே வரைந்தவர் சாமுவேல் டானியல். இந்தியா முழுவதும் அலைந்து வரைந்த தோமஸ் டானியலின் சகோதரர் மகன். 1808இல் லண்டனில் வெளியான அவருடைய இலங்கைத் தொகுதியில் 12 படங்கள். அவற்றில் ஒன்று ஒஸ்டன்பேர்க் கோட்டையிலிருந்து காணும் திருகோணமலைத் துறைமுகம். டானியல் ஊர் திரும்பவில்லை. 1811இல் இலங்கையிலேயே, முப்பத்தாறு வயதில் இறந்தார்.

இப்படி ஒரு படத்தை முன்னால் வைத்துக்கொண்டு நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அவர் எங்கே நின்றார் என்பது. ஒஸ்டன்பேர்க் துறைமுகத்தின் வாயைக் காக்கும் குன்று. ஒல்லாந்தர் கட்டியது, 1782இல் ஆங்கிலேயர் பிடித்து, அதே ஆண்டில் சஃப்ரனின் பிரெஞ்சுப் படை பறித்து, 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் எடுத்தது. இன்றும் அது கடற்படை வளாகத்துக்குள்தான் இருக்கிறது. அந்த உச்சியிலிருந்து பார்த்தால் உட்துறைமுகம் முழுவதும் கைக்குள் அடங்கும். மூதூர் மீனவருக்கோ கிண்ணியா வள்ளக்காரருக்கோ சல்லிக் கரைவலைக்காரருக்கோ துறைமுகம் ஒருநாளும் அப்படித் தெரிந்ததில்லை. அவர்களுக்கு அது நீர்மட்டத்திலிருந்து தெரியும் கரை, நீரோட்டம், பாறை. கீழே வள்ளத்திலிருந்து ஒருவர் வரைந்திருந்தால் வேறொரு திருகோணமலை வந்திருக்கும். படத்தின் கோணம் பீரங்கியின் கோணம் என்பதை மறக்காமல் பார்த்தால், அதிலுள்ள மலைகளின் வரிசையையும் கரையின் வளைவையும் நம்பலாம். கோட்டைக்காரனுக்கு அவை சரியாகத்தான் வேண்டும்.

இரண்டாவது கேள்வி, எது காணவில்லை, ஏன் காணவில்லை என்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களில் சுவாமி மலை என்ற கோணேசர் மலையின் உச்சியில் கோணேசர் கோயில் இல்லாததைக் கண்டு சிலர் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள் என்கிறார்கள். அப்படியல்ல. போர்த்துக்கேயர் 1622இல் கோயிலை இடித்துவிட்டார்கள், கற்களை எடுத்துக் கோட்டை கட்டினார்கள். இன்று நாம் காணும் கோயில் 1963இல் குடமுழுக்குக் கண்டது. இடைப்பட்ட காலத்தில் வரைந்தவர்கள் வெறும் பாறையைத்தான் பார்த்தார்கள். அங்கே ஓவியர்மீது குறை சொல்ல இடமில்லை. ஆனால் முன்னால் நிற்கும் மரம் உண்மையில் அந்த இடத்தில் நின்றதா, அதன் கீழே தலைப்பாகையோடு உட்கார்ந்திருப்பவர் யார் என்று கேட்டால் நிலைமை வேறு. மரம் சட்டகத்தின் ஒரு பக்கத்தை அடைக்க வந்தது. மனிதர் அளவுகோலாக வந்தார். அவருக்குப் பெயரும் இல்லை, தொழிலும் இல்லை. செவ்வியல் முறை நம் முன்னோருக்குக் கொடுத்த இடம் இவ்வளவுதான், அதைக் கூச்சமில்லாமல் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, படம் எத்தனை கை மாறியது என்பது. ஓவியர் இடத்தில் நின்று வரைவது ஒன்று. அதை மேசையில் வைத்து நீர்வர்ணமாகத் தீட்டுவது இரண்டு. லண்டனில் ஒருவர் அதைத் தகட்டிலோ மரக்கட்டையிலோ செதுக்குவது மூன்று. அச்சான தாளுக்குக் கையால் வர்ணம் இடுவது நான்கு. செதுக்கியவர் தென்னைக்கும் பனைக்கும் வித்தியாசம் அறியாதவராக இருக்கலாம், வர்ணம் இட்டவர் நம் கடலின் நிறத்தைக் கண்டிராதவராக இருக்கலாம். பழைய அச்சுப் படம் ஒன்றில் கடல் சாம்பலாகவும் மரம் எந்த மரமென்று தெரியாமலும் இருந்தால் ஓவியரைத் திட்டுவதற்கு முன் இதையும் எண்ண வேண்டும்.

இவ்வளவையும் விளங்கிக்கொண்ட பிறகு எஞ்சுவது என்ன? நிறைய எஞ்சுகிறது. ஒரு மாலை உட்துறைமுக வீதியில் மேற்கு நோக்கி நின்று பாருங்கள். ஊரின் கிழக்கே சூரியன் திறந்த கடலிலிருந்து எழுகிறது. மாலையில் ஊரின் மறுபக்கத்தில், துறைமுக நீருக்கு அப்பால் சீனன்குடாப் பக்கத்து நிலத்தின்மேல் இறங்குகிறது. நீர் நடுவில் பொன்னாகப் பளபளக்க, அருகிலுள்ள கரையும் மரமும் கறுத்துப்போக, தூரத்து மலைகள் ஒன்றின் பின் ஒன்றாக வெளிறும். குளோட் ரோமில் இருந்து கற்பனையில் கட்டிய துறைமுகத்தின் அமைப்பு இங்கே எந்தக் கற்பனையும் இல்லாமல் நாள்தோறும் நிகழ்கிறது. உதயமும் அத்தமனமும் இரண்டு நீர்ப்பரப்புகளின் மேல் நடக்கும் ஊர்கள் குறைவு. நிலக்காட்சி பயிலும் மாணவருக்கு இதைவிட நல்ல வகுப்பறை எந்தப் பணம் கொடுத்தாலும் கிடைக்காது.

ஆனால் எங்கள் பிள்ளைகள் துறைமுகத்தைப் பார்த்து வரைகிறார்களா? சித்திரப் பாடத்துக்கு அவர்கள் கொண்டுவரும் கடற்கரைப் படத்தில் இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், சாய்ந்த தென்னை, அருகே ஒரு தோணி. மட்டக்களப்பிலும் மன்னாரிலும் அதே படந்தான் வருகிறது. செவ்வியல் முறையின் உள்பாதி, அதாவது ஒழுங்கு, சூத்திரமாகி எங்களுக்கு வந்துசேர்ந்துவிட்டது. வெளிப்பாதி, அதாவது போய்ப் பார்ப்பது, வந்துசேரவில்லை. போர்க்காலத்தில் கரைகள் அடைபட்டுக் கிடந்ததும் இதற்கு ஒரு காரணம். கோட்டைக்கும் துறைமுகத்துக்கும் முன்னால் கொப்பியும் பென்சிலுமாக நின்ற பிள்ளையைச் சந்தேகத்தோடு பார்த்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பயம் பெரியவர்களிடம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

தமிழரிடையே வேறு மரபு இல்லாமலும் இல்லை. யாழ்ப்பாணத்தில் 1938இல் சித்திரக் கல்வி அதிகாரி எஸ். ஆர். கனகசபை ஓவியக் கழகம் ஒன்றைத் தொடங்கி ஆசிரியர்களை ஒன்றுசேர்த்தார். இலங்கையின் பிரதம சித்திரப் பரிசோதகராக இருந்த வின்சரின் பெயரை அதற்கு வைத்தார்கள். பாடசாலைச் சித்திர ஆசிரியர்களே ஓவியர்களாகவும் இருந்து, தாமும் வரைந்து மாணவரையும் வரையவைத்த காலம் அது. திருகோணமலையில் அப்படியொரு கூட்டம் இன்று உருவாவதற்கு எந்தத் தடையும் இல்லை.

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. வலான்சியென் மாணவருக்குச் சொன்னதை இந்த ஊர்க் காலநிலைக்கு மாற்றிக்கொண்டால் போதும். கச்சான் வீசும் மாதங்களில் தூரிகை காகிதத்தை விட்டு எழும்புமுன் வர்ணம் காய்ந்துவிடும். அப்போது பெரிய பரப்புகளை நனைத்துத் தீட்ட முடியாது, சிறு தாள், குறைந்த நேரம். வாடை மழைக்காலத்தில் வர்ணம் காயவே காயாது, ஆனால் மலைகளின் ஓரம் கரைந்து தூரம் தானாகவே வந்துவிடும், ஈரத்தின்மேல் ஈரம் வைக்கப் பழகுவதற்கு அதுவே நல்ல பருவம். ஒரே மாணவி, ஒரே இடம், காலை ஏழு மணிக்கு அரை மணி நேரம், மாலை ஐந்தரைக்கு அரை மணி நேரம். ஒரு தவணைக்கு இப்படி ஆறு தாள் சேர்ந்தால் பாதிச் சூரியன் படம் தானாகவே மறையும். பிறகு அறைக்குள் அந்தத் தாள்களைப் பரப்பி வைத்து, எதை முன்னால் வைப்பது, எதை விடுவது என்று யோசித்துக் கட்டும் பாடம். அப்போது வள்ளக்காரரைத் தூரத்துப் புள்ளியாக வைப்பதா, முன்னால் முகத்தோடு வைப்பதா என்பதை அந்த மாணவியே முடிவு செய்யட்டும்.

திருகோணமலை மாவட்டத்துச் சித்திர ஆசிரியர்களிடமும் வலயக் கல்விப் பணிமனைகளிடமும் இரண்டு வேண்டுகோள்கள். பழைய படங்களைப் பாடசாலைச் சுவரில் மாட்டும்போது வரைந்தவர் யார், எந்த ஆண்டு, எங்கே நின்று வரைந்தார், யார் செதுக்கினார் என்ற நான்கையும் கீழே எழுதி மாட்டுங்கள். சித்திரம் படிக்கும் மாணவருக்கு ஆண்டில் சில நாட்களையாவது துறைமுகக் கரையில் கொடுங்கள். கடற்படையிடமும் ஒன்று கேட்கிறோம்: ஒஸ்டன்பேர்க் உச்சியில், சாமுவேல் டானியல் கண்ட அதே காட்சியின் முன்னால், எங்கள் பிள்ளைகள் சித்திரக் கொப்பியோடு ஒரு காலைப்பொழுது உட்கார அனுமதி தாருங்கள்.